முகம் காட்டாதவர்கள்

2019 ஏப்ரலில் பத்து நாளுக்குள் இலங்கையில் இரண்டு தடைகள் வந்தன. உயிர்த்த ஞாயிறன்று, 21ஆம் திகதி, குண்டுகள் வெடித்த சில மணி நேரத்தில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம், யூடியூப் எல்லாம் முடக்கப்பட்டன. 29ஆம் திகதி, அவசரகால விதிகளின் கீழ், பொது இடத்தில் முகத்தை மூடுவது குற்றமாயிற்று. 30ஆம் திகதி பேஸ்புக்கும் மற்றவையும் திரும்பி வந்தன. பெண்கள் முகத்தைத் திறந்தாக வேண்டும் என்றான மறுநாள், அவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவதற்கான களமும் திறந்துவிடப்பட்டது.

வர்த்தமானியில் நிகாப், புர்கா என்ற சொற்களே இல்லை. ஆளை அடையாளம் காணத் தடையாக முழு முகத்தையும் மறைக்கும் எந்த உடையும் கூடாது என்றிருந்தது. முழு முகம் என்றால் காதும் சேர்த்தி என்று ஒரு விளக்கம் வேறு. பலர் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தை முழுக்கத் திறந்து தலையில் மட்டும் துணி போட்டிருந்த பெண்களையும் ஆஸ்பத்திரி வாசலிலும் கந்தோர் வாசலிலும் மறித்துக் கழற்றச் சொன்னார்கள். மே மாதக் கடைசியில், அரச அலுவலகப் பெண்கள் சேலையோ ஒசரியோதான் உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு எழுந்த பிறகு திருத்தப்பட்டது. சட்டத்தை எழுதுகிறவர் கொழும்பில் இருக்கிறார். அதற்குப் பொருள் சொல்கிறவர் படலையில் நிற்கிற காவலாளி.

*

மட்டக்களப்புக்காரியான நான் இதைத் தூர நின்று எழுத முடியாது. எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் அன்று செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்றவர்கள். குண்டு கொண்டுவந்தவன் அதே முற்றத்தில் ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இன்னொரு குண்டோடு கட்டுவாப்பிட்டியத் தேவாலயத்துக்குப் போனவன் வழியில் ஒரு சிறுமியின் தலையைத் தொட்டுவிட்டு நடப்பது கமராவில் பதிவாகியிருக்கிறது. இருவர் முகமும் திறந்தே இருந்தது, முதுகில் பை.

அடையாளம் தெரியாமல் போனதால் வந்த அழிவும் அல்ல இது. இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் குறிப்பில் பெயர்களே இருந்தன. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குறிப்பு மேசையில் கிடந்த நாட்களில், காத்தான்குடியில் ஒரு பெண் என்ன உடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள் என்பதால் எதுவும் கூடவோ குறையவோ இல்லை.

ஆனால் பயம் பொய்யில்லை. அந்த மே மாதம் பஸ்ஸில் யார் ஏறினாலும் எல்லோர் கண்ணும் பைக்குத்தான் போயிற்று. என் கண்ணும்தான்.

*

மூடிய முகத்தைக் கண்டு நடுங்குவது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. சுற்றிவளைப்புக் காலத்தில் ஊர் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நடக்க விடுவார்கள். வாகனத்துக்குள் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, உட்கார்ந்திருப்பான். தலையாட்டி. அவன் தலை ஆடினால் பிள்ளை மற்றப் பக்கத்துக்குப் போக வேண்டியதுதான். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. சாக்குக்குள் யார் என்று ஊர் முழுக்க யோசிக்கும். செருப்பைப் பார்த்தும், உட்கார்ந்திருக்கும் கூனைப் பார்த்தும் ஆள் சொல்லப் பார்ப்பார்கள். 1980களின் கடைசியில் தெற்கே சிங்களக் கிராமங்களிலும் இதே ஆள் வந்தான். அங்கே அவனுக்குக் கோணி பில்லா என்று பெயர். 2011 ஆகஸ்டில் உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன், கிறீஸ் பூதம், வந்து கிழக்கு முழுவதும் நித்திரை இல்லாமல் கிடந்தது.

எங்கள் கனவில் வருகிற மூடிய முகங்கள் இவை. ஒன்றுகூடப் பெண்ணில்லை. சாக்குப் போட்ட முகத்தை முன்னே கொண்டுவந்து நிறுத்தியது அரசாங்கத்தின் ஆயுதப் படை. அன்றைக்கு முகம் மூடுவதற்கு எதிராக யாரும் வர்த்தமானி அடிக்கவில்லை.

*

நான் பேஸ்புக்கை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் திகன எரிந்தபோது அங்கே பரவிய வெறுப்பைக் கண்டேன். அதற்காக அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020இல். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு கடைக்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் போட்ட ஒரு வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு தொடங்கிய கலவரம், அடுத்த நாள் குருநாகல் மாவட்ட ஊர்களில் பள்ளிவாசல்களையும் கடைகளையும் தின்றது. அதற்கிடையில் தமிழில் முகத்திரை விவாதம். கவிஞர்கள், வங்கிக்காரர்கள், என்னிடம் படித்த பையன்கள், எல்லோருக்கும் கருத்து இருந்தது. நூறு நூற்றைம்பது பின்னூட்டம் வாசித்துப் போனால், முகத்திரை போடுகிற ஒருத்தியின் சொல் ஒன்றுகூட அகப்படாது. இருந்திருந்தாலும் ரோசாப்பூப் படத்துக்குப் பின்னால் இருந்திருப்பாள்.

ஒருநாள் போதும் என்று தோன்றிற்று. போவதற்கும் அது காரணம் கேட்டது. இன்னின்னார் உங்களைத் தேடுவார்கள் என்று சிநேகிதர்களின் படங்களை வரிசையாகக் காட்டியது. அழித்துவிடு என்ற பிறகும் முப்பது நாள் தவணை தந்து காத்திருந்தது, மனம் மாறுவேனோ என்று. பிறகு, 2021 நவம்பரில், முகத்தை அடையாளம் காணும் ஏற்பாட்டை நிறுத்துகிறோம், நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முக வார்ப்புகளை அழிக்கிறோம் என்று அந்தக் கம்பனி அறிவித்தது. நூறு கோடி முகங்களை அளந்து வைத்திருந்த செய்தியை, அழிக்கும்போதுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டோம்.

நான் விட்டது தெரிந்து அண்ணன் மகன் சொன்னான்: "நல்ல வேலை செய்தீங்க மாமி, நிம்மதியா இருங்க." எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். புருஷன் வற்புறுத்தினாரா என்று ஒருவர் கேட்கவில்லை. யாரிடம் மூளைச்சலவை ஆனேன் என்றும் கேட்கவில்லை. பார்வையிலிருந்து நான் விலகினால் அது மன அமைதி. கொஞ்சம் தள்ளி, அதே வீதியில் இருக்கிற இன்னொருத்தி விலகினால் அதற்கு விசாரணை.

*

கல்முனை பஸ். காத்தான்குடி நடுவீதிப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் நின்றபோது, நிகாப் போட்ட ஒருத்தி பிள்ளையோடு ஏறி என் பக்கத்தில் வந்தாள்.

"தள்ளாதீங்க டீச்சர், இவன மடியில வெச்சுக்கிறன்."

முகமே இல்லாமல் ஆளைக் கண்டுபிடித்தேன். பத்தாம் வகுப்பில், விஞ்ஞான பாடத்தில், ஒரு கேள்வி கேட்டுப் பதில் வந்ததும் உடனே இரண்டாவது கேள்வி கேட்கிற குரல். பிள்ளையின் மைலோ பக்கெற்றில் மிச்சம் இருந்ததை, துணியின் கீழ் விளிம்பை இரண்டு விரலால் முன்னே இழுத்துப் பிடித்து, ஸ்ட்ரோவை உள்ளே விட்டுக் குடித்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பஸ் குலுக்கலில் நான் திறந்த வாயால் குடித்தாலே சட்டையில் ஊற்றிக்கொள்வேன்.

அந்தச் சட்டம் இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரல் 29இலிருந்து, அவசரகாலச் சட்டம் காலாவதியான ஆகஸ்ட் 22 வரை.

"நாலு மாசம் வீட்டுக்குள்ளதான் டீச்சர். கிளினிக்குக்கும் போகல்ல."

"முகத்தத் திறந்துட்டுப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். பழக்கமில்ல."

இந்தப் பதிலை நான் எந்த விவாதத்திலும் கேட்டதில்லை. மார்க்கம் என்றோ உரிமை என்றோ அவள் எடுத்துவிடவில்லை. சேலை உடுத்தியே முப்பது வருடம் வகுப்புக்குப் போன என்னை, நாளைக்கு வேறொன்றில் வா என்றால் நானும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு அவளே கேட்டாள், பேஸ்புக்கில் ஏன் என்னைக் காணவில்லை என்று. அவள் அங்கே இருந்திருக்கிறாள். "நான் படம் ஒண்டும் போடுறல்ல. எல்லாரையும் பாப்பன்." துணியின் அசைவிலும் கண்ணோரத்திலும் சிரிப்பு தெரிந்தது.

வீட்டில் கட்டாயமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கண்டக்டர் காதுக்கு நேரே நின்றான். கேட்டிருந்தாலும் ஓடுகிற பஸ்ஸில் என்ன பதில் வந்திருக்கும்.

*

எனக்கு நிகாப் பிடிக்காது. அதை மறைக்க விரும்பவில்லை. பாடம் விளங்கிற்றா என்று பிள்ளைகளின் வாயோரத்தைப் பார்த்து அறிந்துகொண்டவள் நான். எழுத்துப் படிக்கிற சின்னப் பிள்ளைக்கு ஆசிரியையின் உதடு தெரிய வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது காத்தான்குடிப் பெண்கள் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் அம்மாவோடு வேலியோரம் கதைப்பார்கள். வளைகுடா உழைப்பும் புதிய பிரசங்கங்களும் வந்த பிறகு கறுப்பு கூடிற்று. அப்பாவின் சொல்லுக்கும் அண்ணனின் முறைப்புக்கும் பயந்து மூடுகிற பெண்பிள்ளைகள் இல்லையென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பெண்ணின் விடுதலைதான் கவலை என்றால் தொடங்க வேறு இடம் இருந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி திருமணப் பதிவில் மணப்பெண் கையெழுத்திட வேண்டியதில்லை. வலி எனப்படும் ஆண் பாதுகாவலர் இட்டால் போதும். பெண் காதி நீதிபதியாக முடியாது. இதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்கள் பத்து வருடக் கணக்கில் கந்தோர் படி ஏறி இறங்கினார்கள். அது அப்படியே கிடக்க, முகத்தைத் திறக்கச் சொல்லும் உத்தரவு ஒரு கிழமையில் வந்துவிட்டது. அவளுடைய முகம் தேவைப்பட்ட அரசுக்கு அவளுடைய கையெழுத்து தேவைப்படவில்லை. மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமாவும் அதே நாட்களில், முகம் மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. மூடு என்பவரும் திற என்பவரும் ஆண்கள், இரண்டு தடவையும்.

பிரான்சில் 2011இல் இந்தத் தடை நடைமுறைக்கு வந்தபோது, ஓர் இளம்பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனாள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, எப்போதும் போடுகிறவளும் இல்லை, மனம் கேட்கும்போது போடுகிறேன் என்றாள். 2014இல் நீதிமன்றம் சேர்ந்து வாழ்தல் என்ற காரணத்தை ஏற்று, தடை செல்லும் என்றது. வழக்கில் அவள் பெயர் மூன்று எழுத்துகள் மட்டும்: எஸ்.ஏ.எஸ். பெயரை மூடிக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது.

*

2020இல் எல்லோரும் மூடிக்கொண்டோம். முகக்கவசம் இல்லாமல் பாரிஸ் மெட்ரோவில் ஏறினால் அன்று 135 யூரோ தண்டம். மதத்துக்காக மூடினால் 150 யூரோ வரை. இங்கே அந்த ஒக்டோபரில், மூடாதவருக்குப் பத்தாயிரம் ரூபா வரை அபராதம் என்று வர்த்தமானி வந்தது. அடுத்த மார்ச்சில், கவசம் போட்ட நாட்டில், புர்காவைத் தடைசெய்யும் பத்திரத்தில் கையெழுத்திட்டேன் என்றார் அமைச்சர் சரத் வீரசேகர. ஏப்ரலில் அமைச்சரவை சரி என்றது.

*

வட்ஸ்அப்பை மட்டும் விடவில்லை. டொரொன்டோவில் இருக்கிற தங்கையின் பேத்தியை வேறெப்படிப் பார்ப்பது. போன கிழமை வந்த படத்தில் பிள்ளையின் முகத்துக்கு மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மை ஒட்டியிருந்தது. அவள் அம்மா இன்ஸ்டகிராமுக்குச் செய்த படத்தை அப்படியே எனக்கும் அனுப்பிவிட்டாள்.

"முகம் எங்க பிள்ள?" என்று கேட்டேன்.

"வளர்ந்து அவளே முடிவெடுக்கட்டும் பெரியம்மா. இப்பவே ஊருக்கெல்லாம் ஏன் காட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, ஒட்டாத படத்தை எனக்குத் தனியே அனுப்பினாள். முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது.