எலிக்கு நாம் பட்ட கடன்

வள்ளுவர் 32ஆம் அதிகாரத்தில் இன்னா செய்யாமையை வலியுறுத்தினார். 95ஆம் அதிகாரத்தில் மருந்தின் இயல்பை எடுத்துரைத்தார். இவ்விரு அறங்களும் எதிர்ப்படும் இடமொன்று உண்டு. அதுவே மருத்துவ ஆய்வுக்கூடம்.

சிராங்கூன் சாலைக்குச் சற்றுத் தொலைவில், மண்டலே சாலையில், 1988இல் தேசியத் தோல் நிலையம் திறக்கப்பட்டது. ஆறாத அரிப்போடும் புண்ணோடும் அங்கு வருவோரின் துயர் சிறிதன்று. அத்தகைய நோய்களின் வேரை அறியவே உலகெங்கும் அறிவியலார் எலியை நாடினர். தோல் சிவந்து, தடித்து, செதிலுதிர்ந்து புண்ணாகும் எலியினம் ஒன்று 1993இல் விவரிக்கப்பட்டது. ‘ஷார்பின்’ என்னும் மரபணுவின் பழுதே காரணம் என்பது 2007இல் தெளிவாயிற்று. புண்பட்ட தோலில் எம்மரபணுக்கள் மிகுதியாக இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று அளந்து, அழற்சி வளரும் வழியை ஆராய்ந்தனர். டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதம் இல்லாதவாறு செய்தபோது அவ்வினத்து எலிகளுக்குத் தோல்நோய் தோன்றவில்லை.

அதே மரபணு பழுதுற்ற மனிதர் இருவரைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. அவர்களுக்கு அழற்சி நோய் இருந்தது, தோல்நோய் இல்லை! ஆயினும், டி.என்.எஃப். புரதத்தை அடக்கும் மருந்து அவர்களுள் ஒருவரின் அழற்சியைத் தணித்தது. எலியின் புண் மனிதனிடம் இல்லை. எலி காட்டிய வழியோ மனிதனுக்கு உதவிற்று.

ஆகவே, ‘எலியாய்வு வீண்’ என்பாரும், ‘மனிதன் பொருட்டு எதுவும் தகும்’ என்பாரும் ஒருபுறமே நோக்குகின்றனர். பயன் உண்டு என்பதனால் வலி இல்லாது போய்விடாது. ரசல், பர்ச் என்னும் அறிஞர் இருவர் 1959இலேயே மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்றவரை மாற்றுவழி தேடுக; எண்ணிக்கையைக் குறைத்திடுக; வேதனையைத் தணித்திடுக. சிங்கப்பூர் 2004இல் வெளியிட்ட ஆய்வு விலங்குகளுக்கான வழிகாட்டி நெறிகளும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டவை.

‘எலிதானே!’ என்று வகுப்பில் மாணவர் சிரிப்பதுண்டு. ‘கன்றுதானே!’ என்று மனுநீதிச் சோழன் சொல்லவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டல் ஆசிரியர் கடன். அன்று தாய்ப்பசு அசைக்க ஓர் ஆராய்ச்சி மணி இருந்தது. இன்று ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கு அத்தகைய மணி இல்லை. ஆதலால், கேளாமலே கேட்கும் செவி ஆராய்பவனுக்கு வேண்டும்.