பறிக்கத் தகும் பூ

காம்பிலிருந்து பிரிந்த கணத்திலேயே வாடத் தொடங்கிவிடும் ஒன்றைச் சமயங்கள் வழிபாட்டின் முதன்மைப் பொருளாக ஏன் கொண்டன என்ற கேள்வி, பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே எளிதில் எழக்கூடியது. ஏனெனில் செடியைக் கிள்ளாதே என்று அதட்டி வளர்க்கும் அதே வீடுதான் விடியற்காலையில் அவர்கள் கையில் பூக்கூடையைக் கொடுத்தும் அனுப்புகிறது. ஊர்ப் பொதுத் தோட்டத்தில் சிறுவர் குழு ஒன்றைச் சேர்த்து, அந்தந்தப் பருவத்துப் பூவைப் பறிக்கவும் தொடுக்கவும் அடுக்கவும் பழக்க முற்படுவோர், தாம் கற்பிப்பது அழகுக்கலையா, பூசைக்கான ஆயத்தமா, உயிருள்ள ஒன்றைக் கையாளும் அறமா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவர்களாகிறார்கள். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற நிலம். அதன் மேற்கே கல்வராயன் மலையும், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரும் இருக்கின்றன.

திருக்கோவிலூரில் ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். வள்ளல் பாரியின் மகளைச் சிற்றரசன் மலையமானுக்கு மணம் செய்து கொடுத்தபின் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்தார் என்ற செய்தியை, அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. அந்தக் கபிலரின் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்ட நூல். தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடி, காடெங்கும் திரிந்து பறித்து, மழை கழுவிய அகன்ற பாறையின்மேல் குவித்த 99 மலர்களின் பட்டியல் அதில் இடம்பெறுகிறது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ்நெறியை அறிவுறுத்தப் பாடப்பட்டது இந்நூல் என்பது பழைய குறிப்பு. அயல்மொழி அரசன் ஒருவனுக்குத் தமிழின் அகவாழ்வைக் கற்பிக்க வந்த புலவர் பாடத்தின் நடுவே பூப்பெயர்களை அடுக்கினார் என்றால், பெயரறிதலே கல்வியின் முதற்படி என்று அவர் கருதியதாகக் கொள்வது மிகையாகாது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கபிலர் காட்டும் அப்பெண்கள் பூவை எந்தத் தெய்வத்துக்கும் படைக்கவில்லை. தழையுடை தைத்து உடுத்தும், மாலை கட்டிச் சூடியும் மரநிழலில் இளைப்பாறுகிறார்கள். தெய்வத்துக்கென்று கட்டிய மாலையை ஆண்டாள் தானே சூடிப் பார்த்தபின் கொடுத்தாள் என்ற வைணவ மரபும், அச்செயலைக் குற்றமாக எண்ணித் தடுத்த தந்தையையே திருத்துவதாக அமைந்திருக்கிறது. ஆகவே விளையாட்டு முதலில் வருவதும் வழிபாடு அதற்குள்ளிருந்து முளைப்பதும் தமிழ் மரபுக்குப் புதியதல்ல. குழந்தை பூவை முகர்ந்துவிட்டால் அது பூசைக்கு ஆகாது என்று விலக்கும் விதி, அக்குழந்தைக்கு மட்டுமாவது சற்றுத் தளர்த்தப்பட வேண்டியதே.

அதே திருக்கோவிலூர் முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் ஓர் இடைகழியில், அதாவது வாயிலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில், நெருக்கி நின்றபோது நான்காமவனாக இறைவனை உணர்ந்ததாகச் சொல்லப்படும் ஊருமாகும். பொய்கையாழ்வார் காஞ்சியில் தாமரையிலும், பூதத்தாழ்வார் மாமல்லையில் குருக்கத்தியிலும், பேயாழ்வார் மயிலையில் செவ்வல்லியிலும் தோன்றியதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. மூவருக்கும் பூவே கருவறை; கடவுளுக்குச் சூட்டும் அணி என்பதற்கு முன்பே அடியவர் பிறக்கும் இடமாகப் பூ எண்ணப்பட்டது என்பதை இக்கதைகள் காட்டுகின்றன.

பறித்தலைச் சமயங்கள் கட்டற்று விட்டுவிடவில்லை. கோயிலுக்குரிய பூந்தோட்டமாகிய நந்தவனத்துக்கும், இறைவனுக்குச் சாத்தும் மாலையாகிய திருப்பள்ளித்தாமத்துக்கும் நிலம் விட்ட செய்திகள் சோழர் கல்வெட்டுகளில் பரவலாக உள்ளன. திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவையும் விடியலில் எடுத்து, கோவை, இண்டை, கண்ணி, பிணையல் முதலிய வடிவங்களில் அமைத்ததைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. எந்தப் பூ ஆகும், எது ஆகாது, எந்நேரத்தில் பறிக்க வேண்டும் என்பவற்றுக்காகவே கமலை ஞானப்பிரகாசர் 16ஆம் நூற்றாண்டில் புட்பவிதி என்ற தனி நூலை இயற்றினார். நேற்றைய பூவும், பிறர் தோட்டத்தில் கேளாமல் எடுத்த பூவும், மண்ணில் விழுந்த பூவும், சில விலக்குகள் நீங்கலாக மொட்டும் ஆகா என்று மரபு சொல்வதன் உள்ளே, தூய்மை பற்றிய அச்சம் மட்டுமல்லாமல் வேறொன்றும் இருக்கிறது: அவற்றுள் பெரும்பாலானவை காலம் பற்றியவை, ஒன்று உரிமை பற்றியது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், உதிரும் நிலையாகிய வீ, வாடிய நிலையாகிய செம்மல் எனப் பூவின் பருவங்களை ஏழாகப் பிரித்துப் பெயரிட்ட மொழியில், ஒரு பூவை எப்போது தொடலாம் என்ற அறிவு சொல்லகராதியிலேயே பொதிந்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பைச் சைவ மரபே முன்வைக்கிறது. பூவினுள்ளும் பனித்துளியோடு இறைவனே நிற்கக் கண்டபின் அதைப் பறிக்க மனம் வரவில்லை என்று தாயுமானவர் கூறியது, வெறும் உணர்ச்சிப் பெருக்கன்று. எங்கும் நிறைந்தவனுக்கு அவனிடமிருந்தே எடுத்து அவனுக்கே கொடுப்பது எப்படிக் கொடையாகும் என்ற தருக்கம் அதில் அடங்கியிருக்கிறது. அகப்பூசைக்குரியவையாகச் சொல்லப்படும் எட்டு அகமலர்களுள் கொல்லாமை ஒன்றாக இருப்பதும் இத்தருக்கத்துக்குத் துணைநிற்கிறது. தாயுமானவரின் நிலை ஞானியின் நிலை, தொடக்க நிலையினர்க்குக் கிரியையே வழி என்று உரையாசிரியர் பாங்கில் விடை கூறுவது எளிது; ஆனால் அவ்விடை, செடியருகே தயங்கி நிற்கும் பத்து வயதுச் சிறுமியை ஞானத்தில் தாழ்ந்தவளாக்கிவிடுகிறது. அவளுடைய தயக்கமும் தாயுமானவரின் தயக்கமும் ஒன்றே என்று ஏற்பதுதான் நேர்மை.

எனினும் பறிப்போருக்குள்ளும் வேறுபாடு உண்டு. கடையில் முழம் கணக்கில் வாங்கிய சாமந்திச் சரத்துக்குப் பின்னால் செடியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆண்டு முழுவதும் கிடைப்பதால் அதற்குப் பருவமும் இல்லை. விதையூன்றி, வெயில் காலத்தில் குடத்தால் நீர் சுமந்து, புழு விழுந்தபோது கவலைப்பட்ட குழந்தை பறிக்கும் பூ, அதே செயலின் வேறொரு பொருள். பறிக்கும் உரிமை காத்திருந்ததனால் வருகிறதேயன்றி விலையினால் வருவதில்லை. ஜப்பானியரின் இகெபானா என்னும் மலரடுக்குக் கலையும் பௌத்த ஆலயங்களில் புத்தருக்குப் பூவைத்த வழக்கத்திலிருந்து கிளைத்ததே; அங்கும் பூவுக்கு இணையாக மொட்டும் கிளையும் வெற்றிடமும் மதிக்கப்படுவதற்கு, வளரும் ஒன்றின் காலத்தைக் காட்டும் நோக்கமே காரணம். தமிழருடைய அடுக்கு குவளையில் நிற்பதன்று, நாரில் தொடுப்பது. ஆனால் மருவும் மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் சேர்ந்த கதம்பத்தில் எது எதற்கு அடுத்து வரவேண்டும் என்று தெரிந்த விரல்களுக்கு அந்த நுட்பம் குறைந்ததன்று. பூத்தொண்டைப் பாடல்கள் வானளாவப் புகழ்ந்தபோதும், பூக்கட்டுவோர் சமூகத்தில் அதற்குரிய மதிப்பைப் பெறவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியாது. பொதுத் தோட்டத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நார் கிழித்துத் தொடுக்கப் பழகுவது அந்தப் பழைய கணக்கைச் சிறிதளவேனும் மாற்றக்கூடும்.

பருவம் என்பது பஞ்சாங்கத்தில் இருப்பது போல நிலத்தில் இருப்பதில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பகுத்த மரபே, பூ பருவத்தைத் தவறாகவும் அறிவிக்கலாம் என்பதையும் கண்டிருந்தது. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவன் வராதிருக்கக் கொன்றை பூத்துவிட்டபோது, வம்ப மழையைக் கார் என்று எண்ணி ஏமாந்த மரம் இது என்று தோழி கூறுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. மலர் சான்றாகுமா, சான்று பிழைக்குமா என்ற அறிவுநெறி வினாவை இவ்வளவு மென்மையாகக் கேட்ட இலக்கியம் அரிது. அந்நூல் கார்காலத்துக்கு உரியதாகச் சொல்லும் கொன்றையினத்தில் சரக்கொன்றை இன்று சமவெளிச் சாலைகளில் சித்திரை வெயிலில் பொன்னிறமாகத் தொங்குவதைக் காணும் குழந்தை, நூலும் மரமும் முரண்படும்போது எதை நம்புவது என்று கேட்டால், ஆண்டுதோறும் தேதியிட்டுக் குறித்துவைக்கும் ஒரு தோட்ட ஏடே அதற்கு ஏற்ற விடை. கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற உயரமான ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் ஏடும், அடிவாரத்துக் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளின் ஏடும் அருகருகே வைக்கப்படுமானால், ஒரே மாவட்டத்தில் இரண்டு பருவங்கள் இருப்பது தெரியவரும். மலையின் சாமைப் புனங்களில் மரவள்ளி பரவிவரும் இக்காலத்தில், புனத்தின் ஓரத்துப் பூக்களும் அந்த ஏட்டில் இடம்பெறத் தக்கவை.

இவ்வகைக் கல்விக்கு அரிய செடிகள் தேவையில்லை. மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பதும், தை பிறப்பதற்கு முந்தைய நாள் சேலம், தருமபுரிப் பக்கங்களில் வேப்பிலையோடு ஆவாரம்பூவும் சிறுபீளையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதும், சிறுவர் கையால் நடக்கும் பருவ மலரடுக்குகளே. ஆவிரையும் பூளையும் கபிலர் பட்டியலிலும் இருக்கின்றன. அப்பட்டியலில் முதலாவதாக வரும் காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலராக இருந்தும், அதன் கிழங்கு முதலாக எல்லா உறுப்பும் நஞ்சு. கோயில்களில் மிகுதியாகச் சாத்தப்படும் அரளியும் அப்படியே. தெய்வத்துக்கு உகந்தது குழந்தையின் வாய்க்கு உகந்ததன்று என்பதைப் பெயரோடு சேர்த்தே சொல்லித்தருதல் பழக்குவோர் கடமை.

கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் சேடல் ஒன்று; உரையாசிரியர் அதனைப் பவழக்கால் மல்லிகை என்பர், இன்றைய வழக்கில் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியுமுன் தானாகவே உதிர்ந்துவிடும் அப்பூவுக்கு, விழுந்த பூ ஆகாது என்னும் விதியை மரபு விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே தோட்டத்துக்குக் கூடையோடு வரும் பிள்ளைகளில், பறிக்க மனமில்லாதவளை முந்திய மாலையே பவழமல்லியின் கீழ் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவைக்கச் சொல்லலாம்.