வெளிவாயில் இல்லாத கூண்டு

“நாய் வண்டி வருகிறது!”

இக்கூக்குரல் கேட்ட மாத்திரத்தில், தெருவில் ஆடிக்கொண்டிருந்த சிறுவர் தம் நாய்க்குட்டியை வாரியெடுத்து வீட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் ஒன்று உண்டு. வடசென்னையில் ஐம்பது வயதைக் கடந்தவர்களைக் கேட்டால் சொல்வர். வண்டியின் பின்னே கம்பிக் கூண்டு. கூண்டினுள்ளே கறுப்பும் செவலையும் வெள்ளையுமாய் நடுங்கும் உயிர்கள். வண்டி போய்ச் சேரும் இடமோ பேசின் பிரிட்ஜ். எம்.கே.பி. நகரிலிருந்து நெடுந்தொலைவில்லை. அங்கிருந்தது மாநகராட்சியின் நாய்ப்பட்டி. பட்டி என்றதும், அடைத்துத் தீனி போடும் இடம் போலும் என்று எண்ணற்க! மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் இடம் அது. வெறிபிடித்த நாய் மட்டுமா அங்கே சென்றது? நேற்றுவரை ஒரு வீட்டு வாயிலில் வாலாட்டி நின்ற நாயும் சென்றது. எவரேனும் ‘வா’ என்று அழைத்திருப்பின் பத்தாண்டு காவல் காத்திருக்கக்கூடிய குட்டியும் சென்றது.

இத்திருப்பணி 1860-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று என்பர் புளூ கிராஸ் அமைப்பினர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்கூடத் தேறவில்லையாம். 1996 வாக்கில் நாளொன்றுக்கு 135 வரை! கொன்று குவிந்த தோலை வீணாக்குவானேன் என்று, கழுத்துப் பட்டையும் பணப்பையும் செய்து பார்த்த ஆய்வுக்கூடமும் இச்சென்னையில் இருந்தது என்று அவர்களே எழுதியிருக்கின்றனர். ஒரு வைத்தியன், ஒரே மருந்தை நூற்று முப்பத்தாறு ஆண்டு ஊட்டுகிறான். நோயோ ஆண்டுக்காண்டு ஏறுகிறது. இருந்தும் மருந்தை மாற்ற மறுக்கிறான். அவனை என்னென்று அழைப்போம்? வைத்தியன் என்றா?

கொன்றும் குறையாததன் காரணம் மாயமன்று. தெருநாயை வாழவைப்பது தெருக் குப்பை. குப்பை கிடக்க, நாயை மட்டும் அகற்றினால், அடுத்த தெரு நாய் அவ்விடத்துக்கு வருகிறது. போட்டி குறைந்தபடியால் அது ஈன்ற குட்டிகளில் மிகுதி பிழைக்கின்றன. பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறையும் ஈனும். கொலையாளியின் கை ஓயலாம், அதன் கருப்பை ஓய்வதில்லை. ஆகவே கருப்பையில் தொடங்குக என்றனர், 1959-இல் கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பினர். அறுவை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அவர்கள் 1964 முதலே வற்புறுத்தினர். மாநகராட்சி அதனைத் தென்சென்னையில் ஏற்றது 1995-இல். நகரமெங்கும் ஏற்றது 1996-இல். முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று ஒரு சரியான சொல் செவியில் ஏற! அந்த முப்பது ஆண்டும் வண்டி ஓடிக்கொண்டுதானிருந்தது. பின்னர் 2001-இலும் 2023-இலும் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. தீராத நோயோ உயிர் பிழைக்கவியலாக் காயமோ உற்ற நாய்க்கன்றி, நலமுள்ள நாய்க்குச் சாவு விதிக்க இன்று எந்த மாநகராட்சிக்கும் உரிமையில்லை.

சிக்கல் ஒழிந்ததா? ஒழியவில்லை. ஒழிந்ததெனச் சொல்வது பொய். 2018-இல் சென்னைத் தெருக்களில் 57,366 நாய்கள் என்றது மாநகராட்சியின் கணக்கு. 2024-இல் ஒரு இலட்சத்து எண்பத்தோராயிரம் என்றது அடுத்த கணக்கு. அறுவை நடந்தது, பெருக்கத்தைப் பிடிக்கும் வேகத்தில் நடக்கவில்லை. அதனால்தான் பழைய குரல் மீண்டும் எழுகிறது — “கொன்று தொலையுங்கள்!”

இக்குரலை எள்ளி நகையாட நாம் முன்வரோம். கதவும் காவலாளியும் உள்ள மாளிகையின் மாடியில் நின்று நாய்க்காகக் கண்ணீர் சிந்துவது எளிது. எம்.கே.பி. நகரின் குறுக்குத் தெருவில், பின்னிரவு வேலை முடிந்து நடந்து வரும் தொழிலாளியின் காலைத்தான் நாய் கவ்வுகிறது. வாயிலில் விளையாட இடமின்றித் தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தையைத்தான் கடிக்கிறது. நாட்டில் ஆண்டுக்கு 91 இலட்சம் விலங்குக்கடிகள், வெறிநாய்க்கடி நோயால் 5,726 சாவுகள் என 2024-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. குழந்தையை இழந்த தாயிடம் சென்று ஜீவகாருண்யம் பேசுபவனுக்கு நாக்கில் நரம்பில்லை என்போம்.

ஆனால் அத்தாயின் பெயரால் கேட்கிறோம் — கொல்வது அவள் குழந்தையைக் காக்குமா? நூற்றில் எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாயைக் கொன்றால், ஊசி போடாத நாய் அந்த இடத்துக்கு வருகிறது. குழந்தைக்கும் நோய்க்கும் இடையே நின்ற வேலியை நாமே பிடுங்கி எறிந்தவர்களாவோம்.

“சரி, கொல்ல வேண்டாம், பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவிடுவோம்” என்பார் சிலர். இதுவே இன்றைய பேச்சு. தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட் 11-இல். பதினோராம் நாளே அவ்வாணை திருத்தப்பட்டது. வெறியுற்றதும் கடிக்கும் குணமுடையதும் தவிர ஏனையவற்றை ஊசி போட்டு விட்ட இடத்திலே விடலாம் என்றாயிற்று. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ளவற்றை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்குமாறு ஆணை பிறந்தது. பள்ளி வளாகத்தில் நாய் வேண்டாமென்பதில் நமக்கு வழக்கில்லை. நாம் கேட்பது, காப்பகத்தின் கணக்கை.

காப்பகத்துக்கு உள்வாயில் ஒன்று இருக்கிறது, வெளிவாயில் இருக்கிறதா? நாளுக்குப் பத்து உள்ளே வந்து, ஒன்றும் வெளியே போகாவிடில், நூறு கூண்டு நிரம்பப் பத்து நாள். பதினோராம் நாள் என்ன நடக்கும்? ஒரு கூண்டில் இரண்டு, பின் மூன்று, ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும், தீனிக்குச் சண்டை, குட்டிகள் முதலில் மாளும். பேசின் பிரிட்ஜில் மின்சாரம் ஒரு நொடியில் செய்ததை, நெரிசல் மூன்று மாதத்தில் செய்யும். கொன்றவன் இன்னான் என்று சுட்டவும் இயலாது. கொலைக்கூடத்தைச் சட்டம் மூடிய பின், நெரிசலின் வடிவில் அதனைத் திறந்து வைப்பது எவ்வகை இரக்கம்?

அவ்வெளிவாயில் நம் வீட்டு வாயில்தான். “தத்துக் கொடுக்கத் தகுந்தது” என்று காப்பகத்தார் சில உயிர்களைப் பிரித்துச் சொல்வதுண்டு. அத்தகுதி அதன் உடலில் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இருப்பது எங்கே?

சென்ற மழைக்காலத்தில் எம்.கே.பி. நகரில் ஒரு குப்பைத் தொட்டியருகே ஐந்து குட்டிகள் கிடக்கக் கண்டோம். கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள். மாலைக்குள் ஒன்று போயிற்று. சிறுவன் ஒருவன் சட்டைக்குள் வைத்து எடுத்துச் சென்றான். போனது கடுவன். எஞ்சிய நான்கும் பெட்டை. தூக்கிப் பார்த்தவர் பலர். பார்த்தது முகத்தையன்று, வயிற்றுப் புறத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துச் சென்றனர். “பெட்டை, குட்டி போட்டுத் தொலைக்கும்!” பெண்ணென்று பிறந்ததால் குப்பைத் தொட்டி என்ற நீதியை நாய்க்கும் விரித்து வைத்திருக்கிறோம்! அரை நாள் அறுவையில் தீரும் குறை அது. பேசின் பிரிட்ஜில் அதே மாநகராட்சி இன்று அந்த அறுவையைச் செய்கிறது.

பெட்டைக்கு நேர்வது இது. நாட்டு நாய்க்கு நேர்வதோ இன்னும் வேடிக்கை. விலை கொடுத்து வாங்கும் நாய்க்குத் தமிழன் இட்ட பெயரைப் பாருங்கள் — ‘ஜாதி நாய்’! ஆம், நாயிலும் ஜாதி! பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் மூச்சிரைக்க வைப்பது பெருமை. இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நாட்டு நாய் வீட்டுக்குள் வருவது இழுக்கு. பிறப்பைக் கேட்டு மதிப்பளிக்கும் புத்தி, மனிதனை விட்டு நாய் வரை நீண்டிருக்கிறது. அந்த ஜாதி நாய்க்கும் நிலைத்த வாழ்வுண்டா என்றால், இல்லை. நோயுற்றாலோ வீடு மாறினாலோ, இரவோடிரவாகக் காப்பக வாயிலில் கட்டிவிட்டுச் செல்லும் கனவான்கள் உளர்.

பூனையின் கதி கேட்பாரற்றது. ராயபுரம், காசிமேடு மீன்பிடி துறைமுகப் பக்கம் மீன் கழிவில் வயிறு வளர்க்கும் பூனைகள் எத்தனையென எண்ணியவர் யார்? நாய்க்கு விதி வகுத்தவர்கள் பூனையை ஏறக்குறைய மறந்தனர். மக்களோ மறக்கவில்லை, சகுனத்துக்கு நினைவு வைத்திருக்கின்றனர். குறுக்கே போனால் காரியம் கெடும். கறுப்பாயிருந்தால் குடியே கெடும்! வெள்ளைக் குட்டிக்கு வீடு கிடைக்கும் நாளில் கறுப்புக் குட்டி கூண்டில் கிடக்கிறது. இதில் ஒரு விந்தை — எம்.கே.பி. என்ற மூன்றெழுத்து மகாகவி பாரதி என்பதன் சுருக்கம். ஒரு தாய்ப்பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டி, நிறத்தால் மாந்தரிடை வேற்றுமையில்லை என்று பாடியவர் அவர். மாந்தர்க்காகப் பூனையைச் சான்றுக்கு அழைத்தார். இன்று பூனைக்காகவே அதே வாதத்தை எடுத்துரைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்!

கறுப்பு நாயின் கதை வேறு. அது பைரவர் வாகனமாம். தேய்பிறை அஷ்டமியில் பிஸ்கட் பொட்டலத்துடன் வருவர். போட்டுவிட்டுப் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போவர். ஊசி போட்டிருக்கிறதா, குட்டி வயிற்றிலிருக்கிறதா என்பது பற்றிக் கவலையில்லை. மறுநாள் அது யாரைக் கடித்தாலும் அது அவர்கள் கணக்கில் வராது.

வேற்று நாட்டில் வழி கண்டிருக்கின்றனர். சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994-இல் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. நலமுள்ள, தத்துக் கொடுக்கத்தக்க நாயோ பூனையோ இடமில்லையென்ற காரணத்தால் இனிக் கொல்லப்படாது என்று நகர நிர்வாகமும் விலங்கு நலச் சங்கமும் கையெழுத்திட்டன. மலிவான அறுவை ஒருபுறம். கூண்டிருக்கும் மூலைக்கு மக்கள் வரட்டுமெனக் காத்திராமல், மக்கள் கூடுமிடத்துக்கு உயிர்களைக் கொண்டு சென்றது மறுபுறம். அமெரிக்கக் காப்பகங்களில் 2011-இல் ஆண்டுக்கு 26 இலட்சம் கொலைகள் என்றும், 2019-இல் 9 இலட்சத்து 20 ஆயிரம் என்றும் அந்நாட்டு வதைத் தடுப்புச் சங்கம் மதிப்பிட்டது. ஒன்பது இலட்சமும் வெட்கத்துக்குரியதே; எனினும் மூன்றில் இரு பங்கு குறைந்தது. நாய் திருந்தியா குறைந்தது? வளர்ப்பவன் திருந்தினான்.

இங்கும் ஒரு தொடக்கம் தெரிகிறது. வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் பதிக்கும் மைக்ரோ சிப்பும் கட்டாயம் என்று 2025-இல் சென்னை மாநகராட்சி அறிவித்தது. கட்டணம் குறித்து முணுமுணுப்போர் பலர். நாம் முணுமுணுக்கவில்லை; பெட்டையையும் நாட்டு நாயையும் தத்தெடுப்போர்க்கு அக்கட்டணத்தையும் அறுவைச் செலவையும் மாநகராட்சியே ஏற்கட்டும், வியாசர்பாடி, திருவொற்றியூர்ச் சந்தைகளில் ஞாயிறுதோறும் தத்து முகாம் நடத்தட்டும் என்றே கேட்கிறோம். காப்பக வாயிலில் இரவில் கட்டப்பட்ட நாய் வாய் திறந்து எசமானன் பெயரைச் சொல்லாது. சிப் சொல்லும். பெயர் தெரிந்த பின், அந்தக் கனவானை அழைத்து வந்து நிறுத்தி, “இது யாருடையது?” என்று கேட்க வேண்டியவர் மாநகராட்சி அதிகாரி.