அறிந்தவன் கடன்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வேப்பனப்பள்ளிக்கு வழி பிரியும் இடத்தில், குந்தாரப்பள்ளி என்றோர் ஊர் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் சந்தை பெயர் பெற்றது. ஆடும் மாடும் கோழியும் அங்கே கைமாறும். தமிழகத்தார் மட்டுமன்றிக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வியாபாரிகள் வருவர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் குர்பானிக்கு ஆடு வாங்குவோர் கூட்டம் பெருகும். நம்மில் பலருக்கு அவ்வூரின் பெயர் தெரிந்திருப்பதும் அதனால்தான்.

அந்தச் சந்தையை வானத்தின் கணக்கேடு எனலாம். மழை பொய்த்த ஆண்டில், தீவனத்துக்கு வழியற்ற உழவர் தம் மாட்டை அங்கே ஓட்டி வருகிறார். விற்பவர் பலராகி வாங்குபவர் சிலராகும்போது விலை விழுகிறது. அவரை நிறுத்திக் கேட்டால், “மழையும் முன்போல் இல்லை, வெயிலும் முன்போல் இல்லை” என்பார். பருவநிலை மாற்றம் என்னும் சொற்றொடர் அவர் வாயில் வராது. அதே சாலையில், குளிரூட்டிய காருக்குள் அமர்ந்து பெங்களூர் நோக்கி விரைபவர் அச்சொற்றொடரை நன்கு அறிவார். அதைப்பற்றிச் சில நிமிடம் பேசவும் வல்லவர். ஒருவரிடம் பாரம் இருக்கிறது, பெயர் இல்லை. மற்றவரிடம் பெயர் இருக்கிறது, பாரம் இல்லை. இவ்விருவருள் இவ்வுலகிற்குக் கடன்பட்டவர் யார்? இக்கேள்வியையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நாட்டு மக்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய ஒரு முயற்சி நடந்ததுண்டு. அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022இன் தொடக்கத்திலும் இந்தியா முழுவதும் கருத்தாய்வு ஒன்றை நடத்தினர். புவி வெப்பமடைதலைப்பற்றிச் சிறிதளவே அறிவோம், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று கூறியோர் 54 விழுக்காட்டினர். பின்னர் அதன் பொருளைச் சுருக்கமாக விளக்கி, அப்படியொன்று நிகழ்கிறதா என்று வினவியபோது, ஆம் என்றோர் 84 விழுக்காட்டினர். இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறியாதிருந்தது பெயரைத்தான். பொருளை அவர்களில் மிகப் பலர் தம் வயலிலும் கிணற்றிலும் முன்னரே கண்டிருந்தனர்; சொல்லிக் கொடுத்தவுடன் அடையாளம் கண்டுகொண்டனர்.

கல்வியும் நாளேடும் தொலைக்காட்சியும் எளிதில் எட்டும் நகரத்தாருக்கோ பெயர் முன்னரே கிடைத்துவிடுகிறது. ஆகவே நாட்டைவிட நகரம் விழிப்புற்றிருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்த விழிப்பு எத்தகையது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில காட்டுகின்றன.

2023இல் கர்நாடகத்தில் மழை குறைந்தது. அடுத்த கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தது. அந்நகரில் அரசின் பொறுப்பிலிருந்த ஏறத்தாழ 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று 2024 மார்ச்சில் அம்மாநில அரசே கூறியது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று ஆணை பிறந்தது. ஆயிரமாயிரம் கற்றறிந்தோர் வாழும் மாநகரில், குடிநீரைக் காருக்கு ஊற்றலாகாது என்பதை உணர்த்த அபராதம் தேவைப்பட்டது! அறிவு மட்டுமே கையைத் தடுக்கும் என்றால் அந்த ஆணைக்கு இடமேது?

சென்னையின் கதை வேறொன்றைச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட அம்மாநகரத்தார், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின்மீது தம் கார்களை வரிசையாக நிறுத்தினர். தம் பொருளைக் காக்க அவர்கள் செய்ததில் குற்றம் இல்லை. ஆனால் நகரத்தின் விழிப்பு எந்தத் திசையில் முதலில் திரும்புகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்குமுன் எல்லோர் கண்களும் சென்னையின்மீதே இருந்தன. பேரடியோ கடற்கரையிலிருந்து வெகுதொலைவிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் விழுந்தது. ஒரே நாளில் அங்கே 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் பொம்மைகளைப்போல் இழுத்துச் சென்றது. அவற்றை ஏற்றி நிறுத்த அங்கே மேம்பாலம் ஏது? ஒரு புயலை மட்டும் சுட்டி, இது புவி வெப்பத்தால் மட்டுமே வந்தது என்று கூறுவது அறிவியலுக்கு ஒவ்வாது. எனினும் காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது நிறுவப்பட்ட இயற்பியல். மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது வெயில் வாட்டி வதைப்பதும் இதன் விளைவுகள். அதே 2024இல், கொட்டித் தீர்த்த இந்த மழைக்குச் சில மாதங்கள் முன்னர், கடும் வெயிலாலும் மழையின்மையாலும் இம்மாவட்டத்து மாந்தோப்புகளில் காய்ப்பு பெரிதும் குறைந்துபோயிற்று என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இனி, இந்த வெப்பத்தைக் கூட்டுவோர் யார் என்று கேட்போம். இவ்வினா எழும்போதெல்லாம் நாம் மேலைநாடுகளைச் சுட்டுகிறோம். அது நியாயமே. இந்தியர் ஒருவர் சராசரியாக வெளிவிடும் கரியமிலவாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. ஆனால் அந்தச் சராசரி எப்படிக் கிடைக்கிறது? குந்தாரப்பள்ளியில் ஆடு மேய்ப்பவரையும், பெங்களூரில் மூன்று குளிரூட்டிகளும் இரண்டு கார்களும் வைத்திருப்பவரையும் கூட்டி வகுத்தால் கிடைக்கிறது. 2007ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் அமைப்பின் இந்தியக் கிளை ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்நாட்டின் செல்வர்கள் ஏழைகளின் பின்னே ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே அதன் தலைப்பின் கருத்து. மிக உயர்ந்த வருவாய்ப் பிரிவினர், மிகத் தாழ்ந்த வருவாய்ப் பிரிவினரைப்போல் நான்கரை மடங்கு கரியமிலவாயுவுக்குக் காரணமாகிறார்கள் என்று அது கணக்கிட்டது.

இங்கேதான் அறம் சார்ந்த சிக்கல் இருக்கிறது. மேலைநாட்டாரை நோக்கி, “நீங்கள் செய்த தீங்கு, நாங்கள் சுமக்கிறோம்” என்று நாடு சொல்லும்போது, அந்த வழக்கின் சாட்சியாக நிற்பவர் ஏழை உழவர். ஆனால் உள்நாட்டில் அவரே வழக்குத் தொடுத்தால் எதிராளியாக நிற்க வேண்டியவர் நகரத்துச் செல்வர். ஒருவருடைய வறுமையை மற்றவர் தம் நிரபராதத்திற்குச் சான்றாகக் காட்டுவது முறையாகுமா?

காற்றில் கலப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆற்றில் கலப்பது தெரியும். பெங்களூரின் கழிவுகள் தேங்கிய பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, 2017இல் தீப்பற்றியும் எரிந்தது. அவ்வேரியின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே தண்ணீர் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் குவிவதை மக்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். அந்த ஆறு பின்னர் கிருஷ்ணகிரி அணைக்குச் செல்கிறது. நுரைக்கும் வெப்பத்துக்கும் காரணங்கள் வேறு. ஆனால் இரண்டுக்கும் பின்னுள்ள மனப்போக்கு ஒன்றே. நம் வீட்டைவிட்டு வெளியேறியது உலகைவிட்டே வெளியேறிவிட்டது என்று நாம் நம்புகிறோம். கீழே உள்ளவர் வீட்டு வாசலில்தான் அது போய் நிற்கிறது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ள நபிமொழி ஒன்றில் ஒரு கப்பலின் உவமை வருகிறது. மேல்தளத்தில் சிலரும் கீழ்த்தளத்தில் சிலரும் பயணம் செய்கின்றனர். தண்ணீருக்காக மேலே ஏறி வரவேண்டிய கீழ்த்தளத்தார், மேலோருக்குத் தொல்லை வேண்டாமென்று தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேல்தளத்தார் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர். இன்றைய நம் கப்பலிலோ, துளையிடுவோர் பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கின்றனர். தண்ணீர் முதலில் ஏறுவது கீழ்த்தளத்தில். அங்குள்ளோர் கைநீட்டித் தடுக்கவும் இயலவில்லை. மேலே துளையிடும் ஓசைகூட அவர்களுக்குக் கேட்பதில்லை. ஆகையால் துளையிடுபவர் தம் கையைத் தாமே பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நகரத்தார் அனைவரும் ஒரே தட்டில் நிற்பவரல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். தகரக் கூரையின்கீழ் வேகும் கட்டடத் தொழிலாளியும் நகரத்தாரே. அவர் கிருஷ்ணகிரிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவராகவும் இருக்கலாம். உழவரும் குற்றமற்றவர் என்று கூறிவிட முடியாது. ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்கி, அண்டை நிலத்தாரின் நீரைத் தம் பக்கம் இழுப்பவர் அங்கும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. உழவர் ஆழமாகத் தோண்டுவது பிழைப்பதற்கு. நாம் குளிரூட்டியை இருபது டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போர்வை போர்த்துக்கொள்வது எதற்கு?

“நான் ஒருவன் குறைத்துக்கொண்டால் உலகம் குளிர்ந்துவிடுமா?” என்பர் சிலர். குளிராது. நாம் ஒருவர் ஜகாத் கொடுப்பதால் உலகின் வறுமை ஒழிந்துவிடுவதில்லை. அதற்காக எவரும் ஜகாத்தை நிறுத்திவிடுவதும் இல்லை. கடனை அடைப்பது உலகைத் திருத்துவதற்காக மட்டுமன்று, கடன்பட்டிருக்கிறோம் என்பதற்காகவும்தான். இன்னும் சிலர், “மின்சார வண்டி வாங்கிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது” என்பர். அவ்வண்டிகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், இதே மாவட்டத்து மக்களின் கைகளால் உருவாகின்றன. நல்ல மாற்றமே. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. நகரத்தில் புகை குறையும்போது வேறெங்கோ ஒரு புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது என்பதை மறவாதிருப்பதும் நம் கடன்.

நம் கருத்து இதுவே. தீங்கை அறியாமல் செய்பவனைவிட அறிந்து செய்பவனுக்குப் பொறுப்பு மிகுதி என்பது எல்லா நீதிநூல்களும் ஒப்பும் கொள்கை. நகரத்தார் தம் அறிவைப் பெருமையாகக் கருதுவதை விட்டு, அதை அமானிதமாகக் கருத வேண்டும். பெயரை அறிந்தோம் என்பது விழிப்பின் அடையாளமன்று. பற்றுச்சீட்டில் நாம் இட்ட கையொப்பம். அதை அடைக்கும் வழிகள் நம் வீட்டிலேயே தொடங்குகின்றன. வலீமா விருந்தில் குப்பைக்குப் போகும் சோறு, திறந்துவிட்ட குழாய், ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி, நடந்து போகக்கூடிய தொலைவுக்கு எடுக்கும் கார் ஆகியவற்றைக் குறைக்க எவருடைய ஆணையும் வேண்டியதில்லை. அடுத்து, கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விடும் நகராட்சியை, வாக்குக் கேட்டு வரும்போது நிறுத்திக் கேட்பதும் நம்மால் ஆவதே. ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளூவின் நீரை வீணாக்கலாகாது என்று கற்றுத்தரப்பட்ட சமுதாயம் நாம். அப்பாடம் ஹவுளின் விளிம்போடு முடிந்துவிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் குந்தாரப்பள்ளியில் சந்தை கூடும். தீவனமின்றி மெலிந்த மாட்டை ஒருவர் ஓட்டி வரலாம். அதன் விலையைக் குறைத்துக் கேட்க நம்மில் ஒருவர் போகலாம். அப்போது, அந்த விலை விழுந்ததில் நம் பங்கு எவ்வளவு என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாரானால், பருவநிலை மாற்றம் என்னும் பெயரை அறிந்ததன் முதல் பயனை அவர் அடைந்தவராவார்.