பார்த்தவர் பெயர்

பறவைக் கணக்கு எழுதுகிறவர்களின் படிவம் ரொம்ப எளிமையானது. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பறவை, எத்தனை. அப்புறம் ஒரு கட்டம்: பார்த்தவர் பெயர். என்ன படித்திருக்கிறாய் என்று அது கேட்பதில்லை. சாதியும் கேட்பதில்லை. கண்ணால் கண்டதை எழுது, உன் பெயரைப் போடு, அறிவியலுக்கு அது போதும் என்கிறது. பிறப்பை வைத்து அறிவைப் பங்குபோட்ட நாட்டில் இது சின்ன விஷயமில்லை. அதனால்தான் அந்தக் கடைசிக் கட்டத்தில் நம்ம சனங்களின் பெயர் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. 1900 கிறிஸ்துமஸ் அன்று, பண்டிகைக்குப் பறவைகளைச் சுடும் வழக்கத்தை விட்டு அவற்றை எண்ணுவோம் என்று அமெரிக்காவில் பிராங்க் சாப்மன் அழைத்தார். 27 பேர் எண்ணினார்கள். 2002இல் அங்கேயே தொடங்கிய ஈபேர்ட் இன்று உலகம் முழுக்கப் பதிவுகளைச் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. எந்தத் துறையும் சம்பளம் கொடுத்து இவ்வளவு கண்களைத் திரட்டியிருக்க முடியாது. இந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை.

இவர்களைத் தன்னார்வலர்கள் என்கிறோம். கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்கள். கூலியில்லாத வேலை நமக்கென்ன புதுசா? நம்ம ஊரில் அதற்கு வெட்டி என்று பெயர். பயிருக்குக் காவல், ஏரி மதகுக்குக் காவல், சாவு சொல்ல மைல்கணக்கில் நடை, செத்த மாட்டை இழுத்துப் போடுவது. ராத்திரியெல்லாம் மதகில் உட்கார்ந்தவனுக்கு எந்த மாசம் எந்த வாத்து வந்து இறங்கும், எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அத்துப்படி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. கூலி இல்லை என்பதில் தன்னார்வலருக்கும் வெட்டிக்காரனுக்கும் வித்தியாசம் கிடையாது. 'இன்னைக்கு என்னால முடியாது' என்று ஒருவரால் சொல்ல முடியும், இன்னொருவனால் சொல்ல முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. சொல்ல முடிந்தவர் பார்த்தது தரவு ஆயிற்று. சொல்ல முடியாதவன் பார்த்தது அவனோடு மண்ணுக்குப் போயிற்று.

பாறுக் கழுகின் கதையை எடுத்துக்கொள்வோம். 1990களில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004இல் நிறுவப்பட்டது. மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் முறையாக எண்ணி வந்ததால்தான் இந்தச் சரிவு பதிவாகி வெளியே தெரிந்தது.

சரணாலயத்தில் எண்ணினார்கள், நல்லது. செத்த மாடு கிடந்த இடம் எது? ஊருக்கு வெளியே, நம்ம பக்கம். தினமும் அங்கே நின்றவர்கள் யார்? எங்கப்பா சொல்வாரு: 'தோல உரிச்சிட்டுக் கத்தியத் தொடைக்கறதுக்குள்ள வந்து எறங்கிரும். நாம நகர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் என்னமோ, வர்றதே இல்லாமப் போச்சு. நாய்ங்கதான் வந்துச்சு.' எந்த வருசம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எந்தப் பண்ணையாருடைய மாடு செத்த வருசம் என்று கணக்குச் சொல்லியிருப்பார். இப்படி எத்தனை ஆயிரம் அப்பாக்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்! கழுகு வருகிறதா இல்லையா என்று அவர்களைவிட அதிக நேரம் பார்த்தவர் யார்?

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் பேச்சு பொய்யாகிவிடும். அந்த வேலையை விடு என்பதுதான் நம் அரசியல். செத்த மாட்டை உண்பதை நிறுத்துங்கள் என்று 1927இல் மகாடில் அம்பேத்கர் சொன்னார். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் மாட்டுத்தோல் உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தபோது, இனி உங்கள் மாட்டை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள் என்று நம் மக்கள் மறுத்தார்கள். அந்த மறுப்புதான் விடுதலை. அப்படியானால் இழிவின் நடுவில் சேர்ந்த அறிவை என்ன செய்வது? வேலையோடு சேர்த்து அதையும் குழியில் தள்ளுவதா? இல்லை, 'பாரம்பரிய அறிவு' என்று சில சூழலியல்காரர்கள் சிலாகிப்பது போல நாமும் மெச்சிக்கொள்வதா?

இரண்டும் வேண்டாம் என்பேன். மெச்சுகிறவர்கள் அந்த அறிவுக்கு நாம் கொடுத்த விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குழியில் தள்ளுகிறவர்கள், ஊர் நம்மேல் சுமத்திய இழிவை நம் கண்களின் மேலும் சுமத்திவிடுகிறார்கள். வேலை திணிக்கப்பட்டது. பார்த்தது திணிக்கப்பட்டதல்ல. கழுகு காத்து நின்றதைக் கவனித்தது எங்கப்பாவின் சொந்த அறிவு. வேலையை விடுவோம். அறிவை எழுதுவோம், பெயரோடு.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு இருளர்களைச் சொல்லலாம். பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் பிழைப்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குற்றமாயிற்று. 1978இல் ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து இதிலிருந்துதான் தயாராகிறது. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கூலியும் பெயரும் சேர்ந்து கிடைத்தது அபூர்வம். அதே சமயம், எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அனுமதிக்கு அவர்கள் இன்றும் வனத்துறையிடம்தான் நிற்க வேண்டும். அறிவு அவர்களுடையது, அனுமதி வேறொருவருடையது.

பெயர் என்றதும் இன்னொன்று. 1860களில் ஜெர்டன் எழுதிய இந்தியப் பறவைகள் நூலில் ஊர்ப்பருந்துக்கு 'பறையா கைட்' என்று ஆங்கிலப் பெயர். வெள்ளைத் தலைச் செம்பருந்துக்கு 'பிராமினி கைட்'. ரெண்டும் துறைமுகத்தில் ஒரே மீன் கழிவைத்தான் கொத்தித் தின்னுது! முதல் பெயர் இன்றைய பட்டியல்களில் 'பிளாக் கைட்' ஆகிவிட்டது. இரண்டாவது அப்படியே இருக்கிறது. இழிவான பெயரை நாகரிகம் கருதி எடுத்தவர்களுக்கு உயர்வான பெயர் உறுத்தவே இல்லை. தாவரப் பெயர்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்திய 'காப்ரா' என்ற சொல்லை 'ஆப்ரா' என்று மாற்ற 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 200க்கும் மேற்பட்ட தாவரங்களின் பெயர் இதனால் மாறுகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? தமிழில் செம்பருந்து என்று நிறத்தைச் சொன்னாலே யாருக்கும் புரிகிறது.

ஏரிக்கரையில் பைனாகுலரோடு நிற்கும் டவுன்காரரை ஊர் 'சார்' என்கிறது. சேரிப் பையன் நின்றால் 'என்னடா நோட்டம் பாக்குற?' என்கிறது. படிவம் சாதி கேட்கவில்லைதான். ஆனால் படிவத்தை நிரப்ப நிற்க வேண்டிய கரை கேட்கிறது. கணக்கெடுக்கும் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக வா என்று அவனை அழைக்காமல், அவனோடு போய் அந்தக் கரையில் நிற்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி இன்னொரு வெட்டி வேலையை உண்டாக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மதகுக் காவல் இருந்தவர்களும் மாடு உரித்தவர்களும் இன்னும் கொஞ்சப் பேர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். எந்த ஏரி, எந்த மாசம், என்ன வந்தது, எப்போது நின்றது என்று கேட்கட்டும். கடைசிக் கட்டத்தில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். பார்த்தவர் பெயரை எழுதட்டும்.