யாருடைய வலி தீர்கிறது?

1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஊனப்பட்ட கன்றுக்குட்டி ஒன்று படுத்த படுக்கையாகக் கிடந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டிப் போட்டாலே வலியில் துடித்தது. வைத்தியம் பார்த்தவர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார். ஆசிரமத்தில் இருந்தவர்களோடு காந்தி கலந்து பேசினார். உயிரைக் கொடுக்க முடியாத மனிதனுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று ஒருவர் கேட்டார். இந்த இடத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்பது காந்தியின் முடிவு. டாக்டர் வந்தார், விஷ ஊசி போட்டார், இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. காந்தி அங்கேயே நின்றிருந்தார்.

அதன் பிறகு வந்த வசவுக்கு அளவில்லை. சமணர்களும் வைணவர்களும் நிறைந்த அகமதாபாத் இதை ஏற்காது என்று காந்திக்கு முன்பே தெரியும். அகிம்சை பேசுகிறவர் ஆசிரமத்திலேயே ஒரு பசுங்கன்றைக் கொன்றுவிட்டார் என்று கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. 'நவஜீவன்' இதழில் செப்டம்பர் 30 அன்றும், 'யங் இந்தியா'வில் அக்டோபர் 4 அன்றும் நடந்ததை அப்படியே எழுதினார். தன் பிள்ளைக்கே வெறிநாய்க்கடி நோய் வந்து, வேதனையைத் தணிக்க வேறு வழியே இல்லையென்றால் அந்த உயிரை எடுப்பதுதான் தன் கடமை என்று 1926-லேயே ஒரு படி மேலே போய் எழுதியிருந்தார்.

ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய இந்த வழக்கு இன்றைக்குத் தமிழ்நாட்டு வீட்டுக் கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் படுத்திருப்பது பதின்மூன்று வயது லாப்ரடார். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. இடுப்பில் படுக்கைப்புண், ஈ மொய்க்காமலிருக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டும். தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சிறுநீரகம் போய்விட்டது என்கிறது ரத்தப் பரிசோதனை. "இனி நீங்கதான் முடிவு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார். "வாயில்லா ஜீவன், அந்தப் பாவத்தைக் கட்டிக்காதீங்க. அது அனுபவிக்க வேண்டியதை அனுபவிச்சிட்டுத் தானா போகட்டும்" என்கிறார் பாட்டி.

பாட்டியைப் பத்தாம்பசலி என்று ஒதுக்க முடியாது. அவருக்குப் பின்னால் பெரிய தத்துவ மரபே நிற்கிறது. வேதனை என்பது பழைய வினை பழுத்து உதிர்வது. பாதியில் அறுத்துவிட்டால் மிச்சம் அடுத்த பிறவிக்குப் போகும், நாய்க்கு நல்லது செய்வதாக நினைத்து அதன் கணக்கை நீட்டிவிடுகிறோம் என்பது சமண வாதம். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நாய்க்குக் குட்டியாக இருக்கையில் பார்வோ வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்தபோது, இதே வீடுதான் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடி டிரிப்ஸ் ஏற்றியது. அன்றைக்கு வினை கண்ணில் படவில்லை. மருந்து கொடுத்து வினையில் குறுக்கிடலாம், ஊசி போட்டுக் குறுக்கிடக் கூடாது என்றால் அதற்கு வேறு காரணம் வேண்டும். வினை மட்டும் போதாது.

அடுத்து வருவது நன்றிக்கடன். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஆநிரை கவர வந்த கள்ளர்களைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்குக் கல் நட்ட ஊரில், காத்த கைக்கு ஊசியா என்று கேட்பது நியாயம்தான். ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: விசுவாசமாக உழைத்த நாய் கிழடாகி உதவாமல் போனாலும், சாகும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். சொர்க்க வாசலில் நாயை விட்டுவர மாட்டேன் என்று நின்ற தருமனையும் சேர்த்துக்கொள்ளலாம். (அந்த நாய்க்கு நோய் எதுவும் இல்லை. அது தர்மதேவதை என்பதும் கதை கேட்டவர்களுக்குத் தெரியும்.) இவர்கள் எல்லாரும் கண்டிப்பது கைவிடுதலை. பயன் முடிந்ததும் தூக்கி எறிகிறவன்தான் கான்ட்டின் எதிராளி. வலியில் கிடக்கும் நாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

மிகக் கூர்மையான தடை பௌத்தத்திலிருந்து வருகிறது. கொலை செய்கிற அந்தக் கணத்தில் மனத்தில் வெறுப்பு இல்லாமல் இருக்கவே முடியாது என்பது தேரவாத பௌத்தத்தின் அபிதம்ம நூல்களின் நிலை. அறிஞர் ரூப்பர்ட் கெத்தின் 2004-இல் இதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். கருணையால் செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பலாம். ஆனால் ஊசி ஏறுகிற நொடியில் மனத்தை ஆள்வது, எதிரே இருக்கும் துன்பத்தைச் சகிக்க முடியாத நம் தவிப்பு. நாயின் வலியைப் பார்க்கிற நமக்கு ஒரு வலி. தீர்த்துக்கொள்ள நினைப்பது அதை. ஊசி போடச் சம்மதித்த வீடுகள் பின்னால் தூக்கம் வராமல் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அதுக்காகப் பண்ணினோமா, நமக்காகப் பண்ணினோமா?"

இந்தச் சந்தேகத்தை லேசாக எடுத்துக்கொள்ளத் தமிழர்களுக்கு உரிமை கிடையாது. விருதுநகர் வட்டாரத்தில் முதியவர்களுக்குத் தலைக்கூத்தல் நடப்பது ஊரறிந்த ரகசியம். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கதையை முடித்துவிடுவார்கள். தேசிய விருது பெற்ற 'பாரம்' படத்தில் பிரியா கிருஷ்ணசாமி காட்டியது இதைத்தான். அங்கேயும் யாரும் கொலை என்று சொல்வதில்லை; "படுத்து அவஸ்தைப்படுறாரு, நல்லபடியா அனுப்பி வைக்கிறோம்" என்பதுதான் பேச்சு. கருணை என்ற சொல்லைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, சில நேரம் சொத்து. மனிதர் விஷயத்தில் சட்டம் இன்றைக்கும் நடுங்கி நடுங்கித்தான் நடக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதை மட்டுமே. ஊசி போட்டு முடிப்பதை அல்ல.

காந்திக்கும் இந்த வழுக்குப்பாறை தெரிந்திருந்தது. கன்றுக்குட்டி பற்றிய அதே கட்டுரையில் ஆசிரமத்துப் பயிரை நாசம் செய்த குரங்குகளைப் பற்றியும் எழுதினார். அவற்றைக் கொன்றால் அது இம்சைதான், ஏனென்றால் அங்கே நம் சுயநலம் இருக்கிறது என்றார். கன்று செத்ததில் அவருக்கு ஆதாயம் இல்லை. குரங்கு செத்தால் காய்கறி மிஞ்சும். செயல் ஒன்றுதான், கணக்கு வேறு. விவாதம் வளர்ந்தபோது நான்கு நிபந்தனைகளையும் வகுத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். பிழைக்கும் என்ற நம்பிக்கையைச் சம்பந்தப்பட்ட எல்லாரும் விட்டிருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் இனி பயன்படாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். நோயில் கிடக்கும் உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும்.

நாலாவது நாய்க்கு எப்போதும் பொருந்தும். முதலாவதை டாக்டர் சொல்லிவிடுவார். வீட்டில் சண்டை மூள்வது இரண்டாவதில். ஆனால் தீர்ப்பு மூன்றாவதில்தான் இருக்கிறது. புண்ணைக் கழுவினால் வலி குறைகிறதா? வலி மருந்தைக் கூட்டினால் ராத்திரி தூங்குகிறதா? திருப்பிப் படுக்க வைக்க ஆள் இருந்தால் இன்னும் நாலு வாரம் வாலாட்டிக்கொண்டு இருக்குமா? அப்படியென்றால் செய்ய வேண்டிய பணிவிடை பாக்கி இருக்கிறது, ஊசிக்கு நேரம் வரவில்லை. புது அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை, மகளைப் பார்க்க வெளிநாடு போக வேண்டும் என்பதெல்லாம் குரங்குக் கணக்கு. பணம் மட்டும் கொஞ்சம் வேறு. மாதச் சம்பளத்தை ஒரே வாரத்தில் விழுங்கும் சிகிச்சையைத் தர முடியாத குடும்பத்தைச் சுயநலக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். இல்லாமை வேறு, மனமில்லாமை வேறு.

இந்தப் பணிவிடைக் கேள்விக்குக் கால்நடை மருத்துவத்திலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் உருவாக்கியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். உயிருக்கு மார்க் போடுவதா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொருவரும் தங்கள் மனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாயைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கெத்தின் எழுப்பும் சந்தேகத்துக்கு இதைவிடக் கைக்கெட்டும் மருந்து இல்லை.

முடிவெடுத்துவிட்டால் நடப்பது என்ன? சாதாரணமாக முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை கனத்து மடியில் சாயும். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்துவிட்டு நரம்பில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பிறகு அளவுக்கு மீறிய மயக்க மருந்து. நினைவு போய், மூச்சு நின்று, இதயம் நிற்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். கண் மூடாது; அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாம் முடிந்த பிறகும் சில நேரம் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கும், தோல் துடிக்கும், சிறுநீர் போகும். "டாக்டர், உயிர் இருக்கு!" என்று வீட்டார் அலறுவது அப்போதுதான். அது உயிரில்லை, தசையின் அசைவு. அடியில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் விஷ ஊசி குத்தி நாயைக் கொல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். தெருநாய்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகள், குணமாகாத நோயுற்ற நாயைக் கால்நடை மருத்துவர் வலியின்றி முடிக்கலாம் என்றன. கூடவே ஒரு வரி: இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது. அரசாங்க விதிகளில் இத்தனை ஈரமுள்ள வரி அதிகம் இல்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் குற்ற உணர்ச்சி வரும். காந்தி கன்றுக்குட்டி விஷயத்தில் தெளிவாக நின்றார். ஆனால் அந்தக் கன்று பதின்மூன்று வருடம் அவர் கட்டிலடியில் படுத்த ஜீவன் இல்லை. வீட்டு நாய்க்கு ஊசி போடச் சொல்கிறவருக்கு அவ்வளவு சுத்தமான மனம் வாய்க்காது. நாயின் வலியும் நம் களைப்பும் கலந்தேதான் அந்த முடிவு பிறக்கும். மூன்றாவது நிபந்தனை உண்மையாகவே நிறைவேறியிருந்தால், நம் களைப்பும் கலந்திருந்தது என்பதற்காக அந்த முடிவு தப்பாகிவிடாது.

தப்பு நடப்பது பெரும்பாலும் அதற்கப்புறம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் "பண்ணைக்கு அனுப்பிட்டோம், அங்க ஜாலியா இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை பண்ணைக்குக் கூட்டிப் போகச் சொல்லும். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். பத்து வயசில் உண்மை தெரிந்தால் நாய் செத்ததைவிட அப்பாவும் அம்மாவும் ஏமாற்றியதுதான் அதிகம் வலிக்கும். ஆகவே அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: நாய் இறந்துவிட்டது, வலி தாங்க முடியாமல் இருந்தது, டாக்டர் ஊசி போட்டார், போடச் சொன்னது நாங்கள்தான்.