வலையைப் பழுதுபார்க்கும் காலம்



வடசென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலம் போயிருக்கிறீர்களா? நிற்க இடம் இருக்காது. ஏலம் போடுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், கூடை தூக்குகிறவர்களின் ஓட்டம். ராயபுரம் போகிற ரோடெல்லாம் மீன் தண்ணீர். ஆனால் ஏப்ரல் 15 வந்ததும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன்கள் முட்டையிட்டுப் பெருகும்படி அரசாங்கம் வைத்த தடைக்காலம் அது. முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரைக்கும். பைபர் படகுக்காரர்கள் மட்டும் போய் வருவார்கள்.

"துறைமுகம் சும்மா கிடக்குதே" என்போம். கிட்டே போய்ப் பாருங்கள். ஒருவர் படகின் அடியைச் சுரண்டுகிறார், ஒருவர் பெயிண்ட் அடிக்கிறார். நிழலில் நாலு பேர் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணி கண்ணியாக ஊசி போடுகிறார்கள். ஒரு கண்ணிதானே என்று விடமாட்டார்கள். அடுத்த இழுப்பில் அதுவே பெரிய ஓட்டையாகிவிடும்!

மாற்கு 1:19-ஐ வாசியுங்கள். யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் எப்போது அழைத்தார்? அவர்கள் மீன் பிடிக்கும்போது அல்ல, படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்க்கும்போது. அங்கே வருகிற கிரேக்க வார்த்தை கட்டார்டிசோ. தப்பிதத்தில் அகப்பட்டவனை என்ன செய்யவேண்டும் என்று கலாத்தியர் 6:1-ல் பவுல் எழுதும்போதும் அதே வார்த்தைதான். நம்ம வேதாகமத்தில் சீர்பொருந்தப்பண்ணுவது என்று இருக்கிறது. கிழிந்த வலையைத் தைக்கிறோம். விழுந்த சகோதரனை?

பிரியமானவர்களே, இந்த 61 நாளில் கிழிவது வலை மட்டுமல்ல. படகு போகாவிட்டால் கூலிக்காரனுக்குப் பங்கு கிடையாது. மீனவக் குடும்பத்துக்கு அரசாங்க நிவாரணம் வருகிறது, உண்மைதான். மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிற அம்மாவுக்கு? ஐஸ் பெட்டி தூக்குகிற தம்பிக்கு? வட்டிக்கு வாங்குவான். ஜூன் மாசம் வந்தால் கடன்காரன் வாசலில் நிற்பான். வெட்கத்தில் ஆராதனைக்கு வருவதை நிறுத்துவான். நாமோ, "பின்வாங்கிப் போய்ட்டான்" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பின்வாங்கினானா, பட்டினியா? யார் போய்க் கேட்டது?

போன மாசம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர் இந்த மாசம் காணோமா? உபவாச ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையாய்ப் போகாதீர்கள், ஒரு படி அரிசியாவது எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பிரசங்கம் பண்ணவேண்டாம்.